உறவு தெரியாத ப்ரோகிராம்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்க தொழில் அனுபவத்தைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசணும்" என்று சங்கச் செயலாளர் கேட்டார். வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்பது போன்ற தலைப்பை அவர் எதிர்பார்த்திருக்கலாம். அதைப் பேச நம்மிடையே வேறு பலர் இருக்கிறார்கள். நான் வருஷக்கணக்காகப் பார்த்து வருவது டேட்டாபேஸ் வேலை. அதிலே அடிக்கடி வரும் ஒரே ஒரு கோளாறைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். டேட்டாபேஸைப் படித்துப் பார்த்துத் தாங்களே ப்ரோகிராம் எழுதித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஜெனரேட்டர் என்போம். அவை சில சமயம் டேபிள்களுக்கு நடுவே உள்ள உறவைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடும். ஏன் விடுகின்றன, எங்கே போய்த் தேடுவது, தேடாமல் விட்டால் யார் தலையில் விடியும் என்பதுதான் விஷயம். வணிகவியல், தமிழ்த்துறை நண்பர்கள் எழுந்து போய்விட வேண்டாம். பேரேடு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை.

ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் பதிவேடு ஒன்று, புத்தகப் பதிவேடு ஒன்று, வழங்கல் பதிவேடு ஒன்று. வழங்கல் பதிவேட்டில் "உறுப்பினர் 118, புத்தகம் 4502, தேதி" என்று மட்டும்தான் எழுதுவார்கள். 118 யார் என்பது அந்த நோட்டில் இருக்காது. உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டினால்தான் தெரியும். வேறொரு பதிவேட்டுக்குச் சொந்தமான எண் இந்தப் பதிவேட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைத்தான் ஃபாரின் கீ என்கிறோம். அயல் திறவுகோல் என்று தமிழில் சொல்லலாம். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970-ல் எழுதிய கட்டுரையிலேயே இந்தச் சொல் வந்துவிட்டது. நான் லேப் வழக்கப்படி ஃபாரின் கீ என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இதிலே இரண்டு நிலை உண்டு, அதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 118 என்ற எண் அங்கே எழுதப்பட்டிருப்பது ஒன்று. "இந்த இடத்தில் எழுதும் எண் உறுப்பினர் பதிவேட்டில் கட்டாயம் இருக்க வேண்டும்" என்று டேட்டாபேஸிடம் விதியாகச் சொல்லி வைப்பது இன்னொன்று. முதலாவது நம்முடைய மனசிலும் பழக்கத்திலும் இருக்கிறது. இரண்டாவது டேட்டாபேஸின் கேட்டலாக்கில் பதிவாகிறது. ஜெனரேட்டர் படிப்பது அந்தக் கேட்டலாக்கைத்தான். நம் மனசைப் படிக்க அதற்கு வழியில்லை.

ஜாங்கோவில் இன்ஸ்பெக்ட்டிபி, ஜாவாக்காரர்களுக்கு ஹைபர்நேட் டூல்ஸ், மைக்ரோசாஃப்ட் பக்கம் என்டிட்டி ஃப்ரேம்வொர்க் என்று பல இருக்கின்றன. எல்லாம் செய்வது ஏறத்தாழ ஒரே வேலை. டேட்டாபேஸுக்குள் லாகின் செய்து, என்னென்ன டேபிள், என்னென்ன ஃபீல்டு, எது எதைச் சுட்டுகிறது என்று பட்டியல் எடுத்து, அதற்கேற்ற ப்ரோகிராமை எழுதிக் கொட்டும். அதற்கு மேலே திரைகளையும் எழுதித் தரும் கருவிகள் உண்டு. உறவு தெரிந்தால், மாணவரைச் சேர்க்கும் திரையில் துறைகளின் பெயர்ப் பட்டியல் வரும், தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம். தெரியாவிட்டால் வெறும் கட்டம் வரும். "துறை எண்ணை டைப் செய்" என்று அர்த்தம். 7 என்று அடிக்க வேண்டியவர் 70 என்று அடித்தால் அதுவும் உள்ளே போய்விடும்.

இது சின்ன அசௌகரியம் மாதிரி தோன்றும். ஒரு கூட்டுறவு நாணயச் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டுக் கடன் வாங்கும் சங்கம். கடன் டேபிளில் கடன் வாங்கியவர் எண் என்று ஒரு ஃபீல்டு, ஜாமீன்தாரர் எண் என்று இன்னொரு ஃபீல்டு. இரண்டுமே உறுப்பினர் டேபிளைச் சுட்டுபவை. ப்ரோகிராம் முழுக்க ஜெனரேட்டர் எழுதிக் கொடுத்தது, உறுப்பினரை நீக்கும் பக்கம் உட்பட. உறவு ஒன்றும் அதற்குத் தெரியாததால், இந்த ஆள் பெயரில் கடன் இருக்கிறதா, இவர் யாருக்காவது ஜாமீன் நிற்கிறாரா என்று அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பணி ஓய்வு பெற்றுக் கணக்கை முடித்துக்கொண்ட ஒருவரை குமாஸ்தா நீக்கினார். மறு பேச்சில்லாமல் நீங்கிவிட்டது. காலியான எண்ணைப் புது உறுப்பினருக்குக் கொடுப்பது அங்கே கைநோட்டுக் காலத்து வழக்கம். அப்படியே கொடுத்தார்கள். கடன் வாங்கியவர் தவணை கட்டவில்லை. ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் போயிற்று. யாருக்கு? புதிதாகச் சேர்ந்தவருக்கு! "நான் யாருக்கும் கையெழுத்தே போடலைங்க, என் சம்பளத்துல ஏன் பிடிக்கிறீங்க?" என்று அவர் கடிதத்தோடு வந்து நின்ற பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அங்கே எல்லாரும் ஜெனரேட்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். "மேடம், டேட்டாபேஸ்ல ஃபாரின் கீ எல்லாம் போட்டிருக்கு. இந்த டூல்தான் கண்டுபிடிக்கலை" என்றார் அங்கிருந்த தம்பி. ஆதாரமாக, டேபிள்களை உருவாக்கிய பழைய ஃபைலையும் திறந்து காட்டினார். உண்மைதான், ஒவ்வொரு டேபிளுக்கும் ஃபாரின் கீ வரிகள் அழகாக எழுதியிருந்தன.

மாணவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஃபைலில் எழுதியிருப்பது நாம் டேட்டாபேஸிடம் சொன்னது. டேட்டாபேஸ் என்ன காதில் வாங்கிக்கொண்டது என்பதை டேட்டாபேஸிடமே கேட்க வேண்டும். மை எஸ்க்யூஎல்லில் அதற்கு ஷோ கிரியேட் டேபிள் என்று ஒரு கட்டளை. கடன் டேபிளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தோம். ஃபீல்டுகள் வந்தன, ப்ரைமரி கீ வந்தது, ஃபாரின் கீ வரி ஒன்றுகூட வரவில்லை. கடைசி வரியில் என்ஜின் மைஐசாம் என்று இருந்தது.

மை எஸ்க்யூஎல்லுக்குள் டேபிளைச் சேமித்து வைக்கும் என்ஜின் பல உண்டு. பழையது மைஐசாம், இன்னொன்று இன்னோடிபி. ஃபாரின் கீயைக் காவல் காக்கத் தெரிந்தது இன்னோடிபி. மைஐசாம் டேபிளில் ஃபாரின் கீ எழுதினால், இலக்கணம் சரியாக இருக்கும் வரை எந்தத் தவறும் சொல்லாது. சரி சரி என்று தலையாட்டிவிட்டு அந்த வரியைத் தூக்கி எறிந்துவிடும். எங்கும் பதியாது. 2010-ல் வந்த 5.5 பதிப்பு வரை, என்ஜின் பெயர் சொல்லாவிட்டால் கிடைப்பது மைஐசாம்தான். "நாங்க இப்ப 8.0-ல இருக்கோம் மேடம், அதுல இன்னோடிபிதானே வரும்" என்று அந்தத் தம்பி வாதம் செய்தார். புதிதாக உருவாக்கும் டேபிளுக்கு வரும். ஆனால் பழைய சர்வரிலிருந்து டம்ப் எடுக்கும்போது ஒவ்வொரு டேபிளின் அடியிலும் என்ஜின் பெயரும் எழுதப்பட்டுவிடுகிறது. அந்த டம்பைப் புது சர்வரில் ஏற்றினால் மைஐசாம் மைஐசாமாகவே வந்து உட்காரும். சர்வர் எத்தனை முறை மாறினாலும் டேபிள் மாறாது.

இது மை எஸ்க்யூஎல்லுக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று நினைக்க வேண்டாம். ஃபாரின் கீயை எழுதச் சொல்லிவிட்டுக் காவலுக்கு வராமல் இருப்பது இந்தத் துறையில் பழைய வழக்கம். 1988-ல் வந்த ஆரக்கிள் 6 அப்படித்தான் இருந்தது. 1992-ல் வந்த 7-ல்தான் விதி உண்மையிலேயே அமலுக்கு வந்தது. மொபைல் போனுக்குள் எல்லாம் இருக்கும் எஸ்க்யூலைட் 2009-ல் வந்த 3.6.19-லிருந்து காவல் காக்கும். ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் அதற்கான ப்ராக்மாவைப் போட்டு நாமே எழுப்பிவிட வேண்டும், சும்மா விட்டால் தூங்கும். ஒரு வித்தியாசம். எஸ்க்யூலைட் காவல் காக்காவிட்டாலும் எழுதியதை ஞாபகம் வைத்துக்கொள்ளும், அதனால் ஜெனரேட்டர் உறவைக் கண்டுபிடித்துவிடும். ஜெனரேட்டர் கண்டுபிடித்துவிட்டது, ஆகவே டேட்டா பத்திரம் என்று அங்கே முடிவு கட்ட முடியாது.

போன வருஷம் நம் கல்லூரியின் இறுதியாண்டு மாணவி ஒருவர் என் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினார். "அக்கா, எங்க ப்ராஜெக்ட்ல எல்லா டேபிளும் இன்னோடிபிதான். நல்லாப் பாத்துட்டோம். ஆனாலும் ரிலேஷன் வரவே மாட்டேங்குது" என்றார். எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று படித்துக் காட்டச் சொன்னேன். ஃபீல்டின் பெயர், அதன் வகை, பக்கத்திலேயே ரெஃபரன்ஸஸ் துறை என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். போஸ்ட்கிரெஸில் அது முழு ஃபாரின் கீ. பாடப் புத்தகங்களிலும் அப்படிப் போட்டிருக்கும். மை எஸ்க்யூஎல் 8.4 வரை, இன்னோடிபியாக இருந்தாலும், ஃபீல்டின் பக்கத்தில் எழுதும் ரெஃபரன்ஸஸைப் படித்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் விடும். தனி வரியில் ஃபாரின் கீ என்று தொடங்கி எழுதினால்தான் ஏற்கும். 2024-ல் வந்த 9.0-ல்தான் இதைத் திருத்தினார்கள். மரியாடிபியில் 10.5-லேயே திருத்தியாகிவிட்டது. ஆக ஒரே ஃபைல், ஒரு மெஷினில் உறவு வரும், இன்னொன்றில் வராது. வரியை மாற்றி எழுதினார்கள், வந்துவிட்டது. அந்த மாணவி இங்கேதான் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்லிக் கூச்சப்பட வைக்க விரும்பவில்லை.

சங்கத்துக்குத் திரும்புவோம். டேபிள்களை இன்னோடிபிக்கு மாற்றுவது ஒரு கட்டளைதான். ஆனால் தூக்கி எறிந்த ஃபாரின் கீ அதனால் திரும்பி வராது, ஒவ்வொன்றாகப் போட வேண்டும். போடும்போது மை எஸ்க்யூஎல் பிடிவாதம் பிடிக்கும். உறுப்பினர் டேபிளில் எண் அன்சைன்டு, கடன் டேபிளில் அன்சைன்டு இல்லை என்றால் ஒப்புக்கொள்ளாது. எழுத்து ஃபீல்டாக இருந்தால் இரு பக்கமும் எழுத்துக் குறியீடு ஒன்றாக இருக்க வேண்டும். முன்பெல்லாம் 150 என்ற ஒரு எர்ரர் நம்பரை மட்டும் முகத்தில் எறிந்துவிட்டுப் போகும், நாம் இன்னோடிபி ஸ்டேட்டஸை எடுத்துக் காரணம் தேட வேண்டும். 8.0-ல் எந்த ஃபீல்டு ஒத்துப்போகவில்லை என்று சொல்லிவிடுகிறது. அதுவரைக்கும் நல்லது.

அதற்கப்புறம்தான் உண்மையான தடை. "இந்த டேட்டாவை வைத்துக்கொண்டு ஃபாரின் கீ போட முடியாது" என்றது. கடன் டேபிளில் உள்ள சில எண்களுக்கு உறுப்பினர் டேபிளில் ஆளே இல்லை. அனாதை வரிகள். அந்தத் தம்பிக்கு அவசரம். ஃபாரின் கீ செக்ஸ் என்பதைப் பூஜ்யமாக்கிவிட்டுப் போட்டுவிடலாம் என்றார். போடலாம், ஏற்றுக்கொள்ளும். ஜெனரேட்டருக்கு உறவும் தெரிந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் அனாதைகள் அப்படியே இருப்பார்கள். பிறகு அதை ஒன்றாக மாற்றினாலும் பழைய வரிகளை மை எஸ்க்யூஎல் திரும்பப் போய்ச் சோதிக்காது. கேட்டலாக்கில் விதி சுத்தமாகத் தெரியும், டேட்டா அசுத்தமாக இருக்கும். அடுத்து வருபவர் கேட்டலாக்கை நம்பி ஏமாறுவார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றும் யார் கேட்டாலும் கூடாது என்றுதான் சொல்வேன்.

அனாதை வரிகளைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டு டேபிளையும் லெஃப்ட் ஜாயின் போட்டு, அந்தப் பக்கம் ஆள் இல்லாத வரிகளை எடுத்தால் பட்டியல் வந்துவிடும். எனக்குக் கவலை தந்தது பட்டியலில் வராதவை. நோட்டீஸ் வாங்கிய அந்த இளைஞரின் வரி இந்தப் பட்டியலில் வராது, பாருங்கள். அவருடைய எண்ணில் இப்போது ஒரு ஆள் இருக்கிறார், அவர்தான் அவர். ஃபாரின் கீக்கு அந்த வரி முழுக்கச் சரி. எண் இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும், ஆள் அதே ஆளா என்று அதற்குத் தெரியாது. இப்படி மாறிப்போனவர்கள் இன்னும் எத்தனை பேர்?

ஒரு வழி கிடைத்தது. கடன் கொடுத்த தேதி கடன் டேபிளில் இருந்தது. உறுப்பினர் சேர்ந்த தேதி உறுப்பினர் டேபிளில் இருந்தது. சேருவதற்கு முன்பே ஜாமீன் போட்டவர் யார் என்று கேட்டோம். அந்த இளைஞரைத் தவிர இன்னும் சிலர் வந்தார்கள். கடன் வாங்கியவர் ஃபீல்டிலும் அதே மாதிரி. பிறகு கம்ப்யூட்டரை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்டீல் பீரோவைத் திறந்து ஜாமீன் பத்திரங்களை எடுத்து, கையெழுத்தைப் பார்த்து, வரி வரியாகத் திருத்தினோம். மூன்று நாள் ஆயிற்று. பத்திரம் கிடைக்காதவற்றை யூகம் செய்து நிரப்பவில்லை. தனி டேபிளில் எடுத்து வைத்து, பட்டியலைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டோம். நோட்டீஸ் வாபஸ் ஆயிற்று. உறுப்பினரை நீக்கும் பக்கத்தையும் எடுத்துவிட்டோம். கணக்கை முடித்தவருக்கு "முடிந்தது" என்று ஒரு குறி மட்டும், எண் அவரோடேயே இருக்கும்.

இப்போது ஜெனரேட்டரை மறுபடி ஓட்டினோம். உறவுகளைக் கண்டுபிடித்தது, சந்தோஷம். உறுப்பினர் பக்கத்தைத் திறந்தால் அவர் வாங்கிய கடன்களைக் காணோம், அவர் ஜாமீன் நின்ற கடன்கள் மட்டும் அவருடைய கடன்களாக வந்து நிற்கின்றன! கடன் டேபிளிலிருந்து உறுப்பினர் டேபிளுக்கு இரண்டு உறவு. ஜெனரேட்டர் இரண்டுக்குமே "கடன்கள்" என்று ஒரே பெயர் வைத்தது, இரண்டாவது முதலாவதை அழித்துவிட்டது. கண்டுபிடிக்காத மாதிரி தெரியும், ஆனால் கண்டுபிடித்துவிட்டுப் பெயர் வைப்பதில் குழம்பியிருக்கிறது. சில கருவிகள் இந்த இடத்தில் நின்று "எனக்குப் பெயர் சொல்" என்று கேட்கும், சில 1, 2 என்று வால் ஒட்டும். எதுவானாலும், பெயரை நாமே அமைப்பு ஃபைலில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பில் முகவரி, டெலிவரி முகவரி, பதிந்தவர், திருத்தியவர் என்று ஒரே டேபிளை இரண்டு முறை சுட்டும் இடமெல்லாம் இந்தச் சங்கடம் வரும்.

இன்னொரு ரகக் கோளாறு இருக்கிறது. இதுவரை சொன்னதில் மை எஸ்க்யூஎல்லில் விதியே இல்லை. விதி இருக்கும், காவலும் காக்கும், ஆனால் ஜெனரேட்டருக்கு மட்டும் தெரியாது என்றும் நடக்கும். ஒரு கம்பெனியில் போஸ்ட்கிரெஸ். எழுதுபவர் மேஜையில் ஜெனரேட்டரை ஓட்டினால் எல்லா உறவும் வருகிறது. ராத்திரி தானாக ஓடும் பில்ட் மெஷினில் அதே ஜெனரேட்டர், அதே டேட்டாபேஸ், ஒரு உறவும் வருவதில்லை. காலையில் ஆபீசுக்கு வந்தவர்கள் திரையில் துறைப் பெயர்களுக்குப் பதில் வெறும் கட்டம். எர்ரர் செய்தி எதுவும் இல்லை.

வித்தியாசம் லாகினில் இருந்தது. எழுதுபவர் டேபிள்களின் உரிமையாளராக உள்ளே போகிறார். பில்ட் மெஷினுக்குப் பாதுகாப்பு கருதி, படிக்க மட்டும் அனுமதி உள்ள தனி லாகின். நல்ல நடைமுறைதான். ஆனால் போஸ்ட்கிரெஸில் இன்ஃபர்மேஷன் ஸ்கீமா என்ற கேட்டலாக்கில் கன்ஸ்ட்ரெயின்ட் பட்டியல், உரிமையாளருக்கும், செலக்ட் தவிர வேறு ஏதாவது அனுமதி உள்ளவருக்கும்தான் காட்டப்படும். வெறும் செலக்ட் உள்ளவர் கேட்டால் "உனக்கு அனுமதி இல்லை" என்று சொல்லாது. காலிப் பட்டியலைக் கொடுக்கும். ஜெனரேட்டர் என்ன செய்யும் பாவம், உறவே இல்லை என்று எழுதிவிடும். ரெஃபரன்ஸஸ் என்ற அனுமதியைச் சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பட்டியல் தெரியும். அதே ஸ்கீமாவில் எந்த ஃபீல்டைச் சுட்டுகிறது என்று சொல்லும் இன்னொரு பட்டியல் உரிமையாளருக்கு மட்டும்தான், ஆகவே அதைப் படிக்கும் கருவிக்கு அப்போதும் பயனில்லை. பிஜி கன்ஸ்ட்ரெயின்ட் என்ற போஸ்ட்கிரெஸின் சொந்தக் கேட்டலாக்கை யாரும் படிக்கலாம். அதைப் படிக்கும் ஜெனரேட்டராகப் பார்த்து எடுப்பது நல்லது. ஆரக்கிளிலும் இந்த ஜாதிதான். யூசர் என்று தொடங்கும் கேட்டலாக்கில் நம் சொந்த டேபிள்கள் மட்டும் வரும், ஆல் என்று தொடங்குவதில் நாம் தொட முடிந்தவை எல்லாம் வரும்.

ஆகவே ஜெனரேட்டர் எந்த லாகினில் போகிறதோ அதே லாகினில் நீங்களும் போய், அது கேட்கும் கேள்வியைக் கையால் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான கருவிகளில் லாகை விரிவாக்கினால் அது அனுப்பும் கேள்விகள் தெரியும். பெரிய உரிமை உள்ள உங்கள் லாகினில் சோதித்துவிட்டு "எனக்கு வருதே" என்பதில் பிரயோஜனம் இல்லை.

சிறியதாக இன்னும் இரண்டு மூன்று. எழுத்து விஷயம். மேற்கோள் போடாமல் எழுதிய பெயர்களை ஆரக்கிள் பெரிய எழுத்தாக மாற்றி வைக்கும், போஸ்ட்கிரெஸ் சின்ன எழுத்தாக மாற்றி வைக்கும். ஜாவாவின் ஜேடிபிசியிடம் ஒரு டேபிளின் உறவுகளைக் கேட்கும்போது, சேமித்து வைத்த எழுத்திலேயே பெயர் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் இதுவும் காலிப் பட்டியல்தான். அடுத்து, இன்னோடிபி டேபிளைப் பார்ட்டிஷன் செய்திருந்தால் அதில் ஃபாரின் கீ வைக்க முடியாது. வேகத்துக்காக யாரோ பார்ட்டிஷன் செய்தபோது விதியை எடுத்திருப்பார்கள், அதைக் குறித்து வைத்திருக்க மாட்டார்கள்.

உறவு குறைவது ஒரு பக்கம், கூடிப்போவதும் உண்டு. போஸ்ட்கிரெஸில் ஒரே ஸ்கீமாவில் வேறு வேறு டேபிளுக்கு ஒரே கன்ஸ்ட்ரெயின்ட் பெயரை வைக்கலாம். பத்து டேபிளிலும் ஒரே பெயரை ஒட்டி வைத்திருந்தால், பெயரை மட்டும் வைத்து ஜாயின் போடும் கருவி பத்தையும் ஒன்றோடொன்று பின்னிவிடும். இரண்டு ஃபீல்டு சேர்ந்த ஃபாரின் கீயிலும், வரிசை எண்ணைப் பார்க்காத கருவிக்கு இரண்டு ஜோடி வர வேண்டிய இடத்தில் நான்கு வரும். கல்வியாண்டும் பாட எண்ணும் சேர்ந்த கீயை வைத்திருப்பவர்கள் இதை ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.

மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பெயரைப் பார்த்தாலே தெரியுதே, துறை ஐடின்னு இருந்தா அது துறை டேபிளுக்குத்தானே? கருவி யூகிச்சுக்கக் கூடாதா?" யூகிக்கும் கருவிகள் இருக்கின்றன. 2004-ல் வந்த ரூபி ஆன் ரெயில்ஸ் பெயர் மரபை நம்பியே வளர்ந்தது. ஃபாரின் கீ போடும் வசதி அதன் உள்ளேயே வந்தது 2014-ல் வந்த 4.2-ல்தான். முதல் நாளிலிருந்து ஒரே கையால், ஒரே மரபில் எழுதிய டேட்டாபேஸுக்கு அது ஒத்து வரும். பத்து வருஷம், ஐந்து பேர் கை பட்ட டேட்டாபேஸில் நான் அதை நம்ப மாட்டேன். ஜாமீன்தாரர் எண் என்ற பெயரைப் பார்த்து அது உறுப்பினர் டேபிளைச் சுட்டுகிறது என்று எந்தக் கருவியும் யூகிக்காது. ஜாமீன்தாரர் என்று டேபிளே கிடையாது. யூகித்த உறவு திரையில்தான் இருக்கும், டேபிளைக் காக்காது. வேறு வழியில் உள்ளே வரும் டேட்டா, உதாரணமாக எக்செல்லிலிருந்து ஏற்றுவது, அதைக் கடந்து போய்விடும்.

டேட்டாபேஸ் உங்கள் கையில் இல்லை, மாற்ற அனுமதி இல்லை என்றால் மட்டும், இன்ன ஃபீல்டு இன்ன டேபிளைச் சுட்டுகிறது என்று ஒரு தனி ஃபைலில் எழுதி ஜெனரேட்டருக்குக் கொடுங்கள். பல கருவிகளில் அந்த வசதி இருக்கிறது. அது எழுதித் தந்த ப்ரோகிராமுக்குள் புகுந்து கையால் திருத்தாதீர்கள். அடுத்த தடவை ஓட்டும்போது உங்கள் திருத்தம் போயே போய்விடும். எழுதித் தந்த ப்ரோகிராமை கிட்டில் போட்டு வையுங்கள், ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் என்ன மாறியது என்று பாருங்கள். அந்தக் கம்பெனியில் அப்படி வைத்திருந்தால், உறவுகள் மொத்தமும் அழிந்த அன்றைக்கே முந்நூறு வரி குறைந்திருப்பது கண்ணில் பட்டிருக்கும். வெறும் கட்டத்தைப் பார்த்து ஆபீஸ்காரர்கள் போன் செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

செயலாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். இறுதியாண்டு மாணவர்கள் ப்ராஜெக்ட்டை லேப்டாப்பில் கொண்டுவந்திருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து ஒவ்வொரு டேபிளாகப் பார்ப்போம். மாலை நான்கு மணி பஸ் வரை இருப்பேன்.